அந்தக் கைகளைப் பார்த்தது யார்?

மாட்டுங்கா, பம்பாய்
9 ஜனவரி 1967

டாக்டர் நம்பிராஜன் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மருத்துவப் பத்திரிகையின் எடிட்டர் டாக்டர் பரூச்சா கையெழுத்துப் போட்ட ஆங்கிலக் கடிதம் ஒன்று இந்த வாரம் உங்களுக்கு வரும். அதை டைப் செய்தவள் நான். இது என் சொந்தக் கடிதம், என் சொந்தத் தபால்தலை.

போன வருடம் காலரா கட்டுரை ஒன்றைப் படித்து நீங்கள் எழுதிய மதிப்பீட்டை எங்கள் ஆபீஸில் யாரோ கட்டுரையாளரிடமே காட்டிவிட்டார்கள். அவர் பூனா மாநாட்டில் நாலு பேர் முன்னால் உங்களைப் பிடித்துக் கத்தினார். 'இனி உங்கள் பத்திரிகைக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன்' என்று நீங்கள் போட்ட கடிதத்தைப் பார்த்தேன். அப்போது நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்போது உதவி ஆசிரியர். வரும் கட்டுரைகளை உங்களைப் போன்ற டாக்டர்களுக்கு அனுப்புவது, அவர்கள் கேட்பதைத் தேடிக் கொடுப்பது, எழுதியதைத் திரும்ப வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. யார் படித்தார்கள் என்பது எடிட்டருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

வந்திருப்பது பெரியம்மைக் கட்டுரை. எழுதியவர் டாக்டர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காவில் அவர் காரைத் தெரியாத குழந்தை கிடையாது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் தயாராகும் அம்மைப்பாலை, அதாவது அம்மை குத்தும் மருந்தை, தாராவியில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்குக் குத்தியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குக் குத்திய இடம் பழுத்து நன்றாகப் பிடித்தது என்கிறார். வெயில் தாங்கும் புது உலர்மருந்து நமக்கு வேண்டாம், பழைய பாலே போதும் என்பது அவர் முடிவு. இது அச்சில் வரட்டும் என்று மாநகராட்சி காத்திருக்கிறது. வந்தால் ஊர் முழுக்க இன்னும் சில வருடம் அந்தப் பால்தான்.

பெரியம்மை வார்டிலேயே நாளெல்லாம் நிற்கிற டாக்டர் ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சோலாப்பூரில் நல்ல நூலகம் இல்லை என்பது தெரியும். எந்தக் கட்டுரை வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் உட்கார்ந்து நகல் எடுத்து அனுப்புகிறேன்.

மறுத்தால் வருத்தப்பட மாட்டேன். ஆனால் மறுபடியும் கேட்பேன்.

விஜயலக்ஷ்மி


சோலாப்பூர்
18 ஜனவரி 1967

விஜயலக்ஷ்மி அவர்களுக்கு,

பரூச்சா துரையின் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். உங்களுடையதையும் அப்படிப் போட்டிருக்கலாம். நேற்று வார்டில் ஒரு அம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை முகமெல்லாம் கொப்புளம். "டீக்கா போட்டேனே சாகேப், கையைப் பாருங்க, டீக்கா போட்டேனே" என்று மராத்தியில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கையைப் பார்த்தேன். அம்மை குத்தின கீறல் இருந்தது. பழுத்த தழும்பு இல்லை. குத்தியது உண்மை, குத்திய பால் செத்த பால். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? அறைக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன்.

அனுப்புங்கள், படிக்கிறேன். ஆனால் நான் எழுதுவதில் ஒரு சொல்லையும் யாரும் நெய் தடவிக் கொடுக்கக் கூடாது. 'மேலான ஆய்வு, சிறு ஐயங்கள்' என்று பரூச்சா மாற்றினால் அன்றைக்கே பம்பாய்க்கு ரயில் ஏறுவேன்.

அம்மைப்பால் வெப்பத்தில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று வெளிநாட்டில் சோதித்த கட்டுரைகள் சில உண்டு. பெயர்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கிடைத்தால் அனுப்புங்கள்.

இன்னொன்று. நான் தாராவியில் பிறந்தவன். அப்பா அங்கே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அக்கா முப்பிடாதி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தாராவி என்று எழுதிவிட்டு எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைக்கிறவர்கள் பலர். அந்தக் கட்டுரையை நான் அப்படிப் படிக்க மாட்டேன்.

நம்பிராஜன்


மாட்டுங்கா
2 பிப்ரவரி 1967

டாக்டர் அவர்களுக்கு,

கட்டுரையும், நீங்கள் கேட்டவற்றில் கிடைத்தவையும் தனிப் பார்சலில் வருகின்றன. ஒன்று மட்டும் எங்கும் இல்லை. நூலகர் என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார். அவ்வளவு தொந்தரவு செய்திருக்கிறேன். அட்டவணைகளை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தேன். என் கையெழுத்து புரியாவிட்டால் எழுதுங்கள்.

நேற்று நடந்ததைச் சொல்லவேண்டும். என் அம்மா வாலாம்பாளுக்கு மூச்சிரைப்பு. பல வருடமாக டாக்டர் வேங்கடசுப்ரமணியன்தான் பார்க்கிறார். ஃபீஸ் வாங்க மாட்டார். நேற்றும் வந்தார். அம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா விஜயம், என் பேப்பர் யார்ட்ட போயிருக்கு?"

"அதைச் சொல்லப்படாது டாக்டர்."

"நான் என்ன வெளிமனுஷனா? பரூச்சாட்ட கேட்டா சொல்லிடுவான். உன்கிட்ட கேக்கறது ஒரு மரியாதைக்காக."

"அவர்ட்டயே கேளுங்கோ. என்கிட்ட பதில் கிடையாது."

சிரித்தார். துண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. சாயங்காலத்துக்குள் எங்கள் கட்டிடத்தில் மூன்று மாமிகள் வந்து 'டாக்டர்ட்ட என்ன பேசினே' என்று விசாரித்தார்கள்.

நான் பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கேட்டவர் அவர். சொல்லாதவள் நான். அது அப்படியே இருக்கும்.

விஜயலக்ஷ்மி


சோலாப்பூர்
14 பிப்ரவரி 1967

விஜயலக்ஷ்மி அவர்களுக்கு,

மதிப்பீடு இத்துடன் இருக்கிறது. உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள்.

கட்டுரையின் நாலாம் பக்கத்தில் எந்தெந்தச் சந்து என்று எழுதியிருக்கிறார். அதில் ஒன்று என் அக்கா வீட்டுச் சந்து. 'அம்மை குத்திய குழந்தைகளில் ஒருவருக்கும் பின்னர் பெரியம்மை வரவில்லை' என்பது ஏழாம் பக்கம். என் அக்கா மகள் கோமதிக்கு அந்த வருடமே வந்தது. பிழைத்துக்கொண்டாள். இடது கண் போய்விட்டது. நூற்றில் ஒன்றுக்குப் பிடிக்காமல் போவது உண்டு, நம் கெட்ட நேரம் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

இதைப் படித்ததும் லீவு போட்டுத் தாராவிக்குப் போனேன். அக்கா ஷாப்புக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோமதிக்குக் குத்துனவங்க திரும்ப வந்து கையப் பாத்தாங்களா?"

"எலே, குத்திட்டுப் போனவுக போனவுகதான். நாந்தான் பிள்ளைக்குக் காய்ச்சலே வரலியே, பழுக்கலியேன்னு ரோட்டுல போற கம்பவுண்டர்ட்ட காட்டுனேன். நம்ம பிள்ள மட்டுமா? கிணத்தடி வீட்டு மாடத்திக்கும் வந்துச்சு. எதுத்த வீட்டுப் பூதத்தான் மவன் செத்தே போனான்."

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே ஒரு ரயில் பாலம்தான் இருக்கிறது. அந்தப் பாலத்தைத் தாண்டி வந்து ஒரு கையைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அதைத்தான் மதிப்பீட்டில் எழுதியிருக்கிறேன். கோமதி பெயரையும் அவள் கண்ணையும் எழுதியிருக்கிறேன். பூதத்தான் மகனையும் எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டுரை பொய், இதை எழுதியவர் பொய்யர் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்.

அப்படியே அனுப்புங்கள்.

நம்பிராஜன்


மாட்டுங்கா
20 பிப்ரவரி 1967

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் மதிப்பீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். எடிட்டருக்குக் காட்டவில்லை.

கோமதியைப் பற்றிப் படித்தபோது மேசையை விட்டு எழுந்து போய்விட்டேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

இது மதிப்பீடு அல்ல, புகார். சாட்சியும் நீங்களே, நீதிபதியும் நீங்களே என்று இருக்கிறது. இதை டாக்டர் வேங்கடசுப்ரமணியன் கையில் கொடுத்தால் அவர் என்ன செய்வார் தெரியுமா? ஒரு பதிலும் எழுத மாட்டார். 'பிள்ளைக்கு நோய் வந்த துக்கத்தில் ஒருவர் என்னைத் திட்டியிருக்கிறார், பாவம்' என்று பரூச்சாவிடம் சொல்வார். அதோடு முடிந்தது. இன்னொருவரிடம் அனுப்பி இரண்டு வரியில் ஒப்புதல் வாங்கி அடுத்த இதழில் போட்டுவிடுவார்கள். உங்கள் கோபம்தான் அவருக்கு வழி திறந்துவிடும்.

அந்தச் சந்தில் உங்கள் சொந்தம் இருப்பதை எடிட்டருக்குத் தனிக் கடிதத்தில் சொல்லியே ஆகவேண்டும். ஒளிக்கக் கூடாது. பிறகு கோமதியை மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கட்டுரையில் இருப்பதை வைத்துக்கொண்டு மட்டும் கேளுங்கள். குத்திய இடம் பழுத்ததா என்று எட்டாம் நாள் பார்க்கவேண்டும் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? யார் பார்த்தார்கள் என்று கட்டுரையில் எங்கும் இல்லை. நானே தேடினேன், இல்லை. அதைக் கேளுங்கள். திட்டினால் திருப்பித் திட்டலாம். கேட்டால் பதில் சொல்லியாகவேண்டும்.

விஜயலக்ஷ்மி


சோலாப்பூர்
25 பிப்ரவரி 1967

உதவி ஆசிரியர் அவர்களுக்கு,

பார்சல் கிடைத்தது.

உங்கள் ஊர் டாக்டர், உங்கள் அம்மாவின் டாக்டர், ஃபீஸ் வாங்காத டாக்டர். அவருக்கு வலிக்காமல் எழுதுவது எப்படி என்று எனக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். நன்றி. கண் போன பிள்ளையை எடுத்துவிட்டு, மிச்சத்தை நல்ல ஆங்கிலத்தில் எழுதவேண்டுமாம்.

மாட்டுங்காவில் இருந்து பார்த்தால் தாராவி எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்கும்.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ். நம்பிராஜன்


மாட்டுங்கா
7 மார்ச் 1967

டாக்டர் அவர்களுக்கு,

வேறு ஆளைப் பார்க்கவில்லை. கட்டுரை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது, என் பதிவில் அப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா வீட்டுக்குப் போனேன். விசாரணைக்கு அல்ல. அதை நான் செய்யக் கூடாது, செய்யவும் இல்லை. நான் எடுத்துவிடச் சொன்ன பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

முப்பிடாதியம்மாள் முதலில் என்னை ஏதோ தர்ம சங்கத்திலிருந்து வந்தவள் என்று நினைத்து, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்றாள். உங்களுக்குக் கடிதம் எழுதுகிறவள் என்றதும் உட்கார முக்காலி போட்டாள். கோமதி என் பக்கத்தில் வந்து, என் கைக்கடிகாரத்தை நல்ல கண்ணுக்கு நேராக இழுத்து வைத்துப் பார்த்தாள். 'ஓடுதா' என்று கேட்டாள். ஓடுகிறது என்றேன்.

நீங்கள் எழுதியதையும் நான் திருப்பி அனுப்பியதையும் உங்கள் அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னது இது:

"அவனுக்குச் சின்னதுல இருந்தே கோவம் வந்தா கண்ணு தெரியாது. ஷாப்புல மேஸ்திரி கூலியக் கொறச்சா நாங்க ஏசுறது இல்லம்மா. எல்லாரும் வரிசையா நின்னு, ஏன் கொறச்சீங்கன்னு ஒரே கேள்வியக் கேப்போம். ஏசுனா போலீசக் கூப்பிடுவான். கேட்டா முழிப்பான். என் பிள்ள பேர எழுதணும்னு இல்ல. அடுத்த பிள்ளைக்குச் செத்த பாலக் குத்தக் கூடாது, அத எழுதச் சொல்லுங்க."

இனி என்னைப் பற்றி. மாட்டுங்கா என்று ஒரு பெட்டியில் போட்டு என்னை மூடிவிடாதீர்கள். அந்த டாக்டர் வந்து போகிற வீட்டில் இருக்கிறவள் நான். நீங்கள் சோலாப்பூரில் இருக்கிறீர்கள். அவருக்கு வலிக்காமல் இருக்கவேண்டும் என்று உங்கள் தாளைத் திருப்பி அனுப்பவில்லை. அவர் தப்பிக்கக் கூடாது என்று திருப்பினேன்.

எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

விஜயலக்ஷ்மி


சோலாப்பூர்
14 மார்ச் 1967

விஜயலக்ஷ்மி அவர்களுக்கு,

அக்காவும் எழுதியிருந்தாள், அதாவது சொல்லி எழுத வைத்திருந்தாள். 'வீடு தேடி வந்த பொம்பளைய மரியாதையில்லாம எழுதுனியாமே' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். மாட்டுங்கா பற்றி எழுதிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

புது மதிப்பீடு இருக்கிறது. எடிட்டருக்குத் தனிக் கடிதமும் இருக்கிறது. கோமதி யார், எந்தச் சந்து, எல்லாம் அதில் சொல்லிவிட்டேன். விரும்பினால் என்னை விலக்கிவிடலாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

மதிப்பீட்டில் யாரையும் திட்டவில்லை. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். குத்திய கைகளை எட்டாம் நாள் பார்த்தது யார்? ஆளின் பெயர் வேண்டும். ஒரு குழந்தைகூட விடுபடாமல் பார்த்ததாகக் கட்டுரை சொல்கிறது. ஆடி மாதம் குத்தியிருக்கிறார்கள், ஆடியில் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகாத வீடு அந்தச் சந்தில் உண்டா? போன பிள்ளைகளின் கைகளை எப்படிப் பார்த்தார்கள்? பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்த பால் சந்துக்கு வர எவ்வளவு நேரம் ஆயிற்று? முதல்முறை குத்திக்கொண்டவர்களையும் முன்பே குத்திக்கொண்டவர்களையும் ஏன் ஒன்றாகக் கூட்டினார்கள்? பிறகு ஒருவருக்கும் நோய் வரவில்லை என்பதை எந்த ஆஸ்பத்திரிப் பதிவோடு ஒப்பிட்டார்கள்? இவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய நகல்களால்தான் பனிக்கட்டிப் பெட்டிக் கேள்வியை எழுத முடிந்தது.

ஒன்றே ஒன்று, அதில் நான் உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை. மதிப்பீட்டின் கீழே என் முழுப்பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். பெயரில்லாமல் அனுப்புவது வழக்கம் என்பது தெரியும். கேட்பவன் யார் என்று அவருக்குத் தெரியட்டும். ஆள் தெரியாத இடத்திலிருந்து கல்லெறிவது போல இருக்கக் கூடாது. அவர் பெயர் போட்டு எழுதியிருக்கிறார், நானும் பெயர் போட்டுக் கேட்கிறேன்.

ஜூனியர் பதவியிலிருந்து மேலே போக எனக்கு ஏப்ரலில் நேர்காணல். தேர்வுக் குழுவில் அவரும் உண்டு. அதையும் தெரிந்துகொண்டே கையெழுத்திட்டேன்.

நம்பிராஜன்


மாட்டுங்கா
28 மார்ச் 1967

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் மதிப்பீடு கையெழுத்தோடு கட்டுரையாளருக்குப் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன்.

எடிட்டர் உங்கள் தனிக் கடிதத்தை முதலில் படித்தார். முகம் தெளிந்தது. "நல்லது, இவர் சொந்தக்காரர், இவரை விலக்கிவிடலாம்" என்றார். ஏற்கெனவே இன்னொருவரிடமும் ஒரு பிரதி அனுப்பி, 'மிகச் சிறந்த பணி' என்று இரண்டு வரி வாங்கி வைத்திருக்கிறார். எனக்கே தெரியாமல்.

நான் சொன்னேன்: "விலக்கலாம் சார். ஆனால் கேள்விகளை விலக்க முடியாது. இதில் சொந்தக்காரர் எழுதிய வரி எது என்று காட்டுங்கள், அடித்துவிடுகிறேன்."

மூன்று தடவை படித்தார். அவர் கெட்டவர் இல்லை, சண்டை பிடிக்காதவர். கடைசியில், "கையெழுத்தையாவது எடுத்துவிடு" என்றார். அனுப்பியவர் கேட்காமல் ஒரு எழுத்தையும் எடுக்க மாட்டேன் என்றேன். "நீ யாருக்கு வேலை பார்க்கிறாய்?" என்றார். "படிப்பவர்களுக்கு" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் உறையை என்னிடம் தள்ளிவிட்டார். நானே தபாலில் போட்டேன்.

அடுத்த வாரம் டாக்டர் வேங்கடசுப்ரமணியன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"தோல் ஷாப்பிலேர்ந்து வந்தவன் என்னைக் கேள்வி கேக்கறான். அதை நீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பறே. உங்கம்மாவுக்கு நான் பண்ணினதுக்கு இதுதானா?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் உள்ளேயிருந்து அம்மா வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், நீங்க பண்ணினதுக்கு நான் நமஸ்காரம் பண்ணியாச்சு. கேள்விக்குப் பதில் இருந்தா எழுதுங்கோ. இல்லேன்னா இல்லேன்னு எழுதுங்கோ. என் பொண்ணை அவ ஆத்துக்குள்ள நின்னுண்டு மெரட்டாதேங்கோ."

அவர் போனதும் அம்மா, "சயான்ல ஒரு மராத்தி லேடி டாக்டர் இருக்காளாமே, நாளைக்கு அழைச்சிண்டு போ" என்றாள். போனோம். ஃபீஸ் வாங்கினார். மருந்து கேட்கிறது.

விஜயலக்ஷ்மி


சோலாப்பூர்
16 ஏப்ரல் 1967

விஜயலக்ஷ்மி அவர்களுக்கு,

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

நேர்காணல் முடிந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நடுவில். என் பட்டங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்கள் மூத்தவர்களின் ஆய்வைச் சோதிக்கிறவராமே? நீங்களே எத்தனை ஆய்வு செய்திருக்கிறீர்கள்?" என்றார். "குறைவு. நோயாளிகளைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது" என்றேன். "அப்புறம் எந்தத் தகுதியில் கேட்டீர்கள்?" என்றார். நான் சொன்னேன்: "கட்டுரையைப் படித்த தகுதியில். பதில் வந்ததும் இன்னொரு முறை படிப்பேன்."

என்னை எடுக்கவில்லை. நேற்றுத் தாள் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து ஸ்டேஷனில் டீ குடித்தேன். வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பசியாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

வார்டில் படுக்கை இல்லை, தரையிலும் இடமில்லை. வெயில் ஏற ஏற வந்துகொண்டே இருக்கிறார்கள். அவரிடமிருந்து பதில் வந்ததா? வராவிட்டால் நினைவூட்டிக் கேளுங்கள். விடாதீர்கள்.

நம்பிராஜன்


மாட்டுங்கா
25 ஜூன் 1967

டாக்டர் அவர்களுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், முடிவு தெரியாமல் எழுத விரும்பாதது. இப்போது தெரிந்துவிட்டது.

கட்டுரையில் இரண்டாவது பெயராக டாக்டர் சைனப் என்று இருந்ததல்லவா? ஏப்ரல் கடைசியில் அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மாஹிமில் இருப்பவள், படிப்பு முடித்து மூன்று நான்கு வருடம்தான் இருக்கும். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி ஆங்கிலம், தமிழில் எழுதுகிறேன்.

"முதல் இரண்டு சால் குடியிருப்புகளில் எல்லாக் கைகளையும் நானே பார்த்தேன். நன்றாகப் பிடித்திருந்தது, அது உண்மை. அங்கே குத்திய பால் அன்று காலைதான் வந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. 'போதும், மீதியும் இப்படித்தான் இருக்கும்' என்று சார் சொன்னார். நானும் சரி என்றேன்" என்றாள்.

"இப்போது ஏன் வந்தாய்?" என்று கேட்டேன்.

"உங்கள் மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லி சார் என்னிடம்தான் கொடுத்தார். எல்லாக் கைகளையும் நான் பார்த்ததாக எழுதச் சொன்னார். அந்த ஆள் எங்களைத் திட்டியிருந்தால் நானும் காரசாரமாகத் திருப்பி எழுதியிருப்பேன், எனக்கு நன்றாக வரும். ஆனால் அவர் பார்த்தவர் பெயரைக் கேட்கிறார். அந்த இடத்தில் என் பெயரை எழுதவேண்டும். பல நாள் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை."

தன் பெயரைக் கட்டுரையிலிருந்து நீக்கும்படி அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள், காரணத்தோடு. எடிட்டரிடம் அவளையே அழைத்துப் போனேன். கட்டுரையை வெளியிட முடியாது என்று அன்றைக்கே எழுதிவிட்டார். காத்திருந்த மாநகராட்சிக்கும் அதைச் சொல்லி ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தை நான் டைப் செய்தபோது ஒரு பிழை வரவில்லை.

பிறகு மற்றொன்று வந்தது. தன்னை அவமதித்ததற்காகப் பத்திரிகை மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று டாக்டர் வேங்கடசுப்ரமணியன் பத்திரிகைக் குழுவை நெருக்கினார். குழு எடிட்டரை நெருக்கியது. எடிட்டர் என்னை அழைத்து, மன்னிப்புக் கடிதத்தை டைப் செய்யச் சொன்னார். "கேள்வி கேட்டதற்கா சார்?" என்றேன். நான் டைப் செய்யவில்லை. வேறு யாரோ செய்து, போய்விட்டது. அதனால் இந்த மாதத்தோடு என் வேலை முடிகிறது.

பரிதாபப்பட்டு எதுவும் எழுதாதீர்கள். தில்லியில் ஒரு பத்திரிகைக்கு ஆள் வேண்டுமாம். விண்ணப்பித்திருக்கிறேன். பழைய இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டால் சொல்ல என்னிடம் நல்ல பதில் இருக்கிறது.

இனி உங்களுக்கு வேண்டிய செய்தி. மாநகராட்சி உலர்மருந்தை வாங்கிவிட்டது. ஊர் முழுக்கப் போதவில்லை. முதலில் தாராவிக்கு அனுப்பினார்கள். குத்தப் போன குழுவில் சைனப்பும் இருந்தாள். அவளே கேட்டு வாங்கிக்கொண்டு வந்த வேலை. இந்த மாதம் முதல் ஞாயிறு நானும் போனேன், சும்மா பார்க்க. சந்தில் பாதி வீடு கதவைச் சாத்திக்கொண்டது. ஒரு தடவை குத்தி ஏமாந்தவர்கள், யார் நம்புவார்கள்? மகனைப் பறிகொடுத்த பூதத்தான் தன் வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தார், யாரையும் பார்க்கவில்லை.

முப்பிடாதியம்மாள் சந்தின் நடுவில் வந்து நின்றாள். ஒரு கையில் கோமதி, இடுப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை.

"ஏ தாயி" என்று சைனப்பைக் கூப்பிட்டாள், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி. "குத்திட்டு ஓடிருவியா, வந்து பாப்பியா?"

அதை நான் இந்தியில் சொன்னேன். சைனப் தலையைக் குனியவில்லை. "எட்டாம் நாள் வருவேன். ஒவ்வொரு கையையும் பார்ப்பேன். யாராவது ஊருக்குப் போனால் எங்கே என்று சொல்லிவிட்டுப் போங்கள்" என்றாள். அதைத் தமிழில் நான் கத்திச் சொன்னேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

முப்பிடாதியம்மாள் இடுப்பில் இருந்த குழந்தையின் சட்டையைத் தோள்வரை சுருட்டி, கையை நீட்டிக் காட்டினாள். பிறகு ஒவ்வொன்றாகக் கதவுகள் திறந்தன. பூதத்தான் எழுந்து வழி விட்டார்.

எட்டாம் நாள் பெரிய மழை. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். உங்கள் அக்கா காலையிலிருந்தே வாசலில் நின்றிருக்கிறாள். சைனப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாளாம்.

விஜயலக்ஷ்மி